எல்லா ஊர்ப் பட்டியலிலும் வந்த ஏழு குழந்தைகள்

இன்னொருவர் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு வரி எனக்குப் புரியவில்லை என்றால், அதை அப்படியே விட்டுவைப்பதா, எடுத்துவிடுவதா? புரியாததை எல்லாம் விட்டுவைத்தால் எந்த வேலையும் நடக்காது. எடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை பார்த்துவிட்டேன்.

புதுச்சேரி டவுனில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மொத்தம் ஆறு பேர். வாரத்தில் இரண்டு நாள் வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. என் மகளுக்கு இரண்டரை வயது. அவள் மதியம் தூங்குகிற நேரத்தில்தான் எனக்கு உருப்படியாக ஏதாவது நடக்கும். அந்த நேரத்திலும் இரண்டு தடவை எழுந்து போய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வருவேன். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த பழக்கம், இன்னும் போகவில்லை. வேலையிலும் அப்படித்தான். எழுதியதை இரண்டு முறை பார்ப்பேன், அனுப்பிய பிறகு மூன்றாவது முறை பார்ப்பேன்.

எங்கள் கம்பெனிக்கு ஒரு சின்னக் குழந்தைகள் மருத்துவமனை வாடிக்கையாளர். வில்லியனூர்ப் பக்கம்தான் இருக்கிறது, பெயர் வேண்டாம். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து தடுப்பூசிக்கு அங்கே வருவார்கள். எந்தக் குழந்தைக்கு எந்த வாரம் எந்த ஊசி என்று அவர்களுடைய கம்ப்யூட்டர் ஊர்வாரியாகப் பட்டியல் எடுத்துக் கொடுக்கும். கவுன்டரில் இருக்கும் மூன்று பெண்கள் திங்கட்கிழமை காலையில் அந்தப் பட்டியலை ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டு வீடுகளுக்குப் போன் செய்வார்கள். கையில் தேதி எழுதின கார்டு இருந்தாலும் அந்தப் போனுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள்தான் அதிகம். "போன் வரட்டும்" என்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பட்டியல்களை எடுக்கும் கட்டளைகள் பழைய முறையில் எழுதப்பட்டவை. டேட்டாபேஸிடம் கேட்க வேண்டிய எஸ்.க்யூ.எல். வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டித் தயாரிப்பது அந்த முறை. ஊரைத் தேர்ந்தெடுத்தால் ஊருக்கு ஒரு துண்டு ஒட்டும், தேதி கொடுத்தால் தேதிக்கு ஒரு துண்டு. பெயரைப் போட்டுத் தேடினால் அந்தப் பெயர் அப்படியே வாக்கியத்துக்குள் போய் உட்காரும். பெயருக்கு நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வந்தால் வாக்கியம் அங்கேயே முறிந்து, ரிப்போர்ட் வராமல் நின்றுவிடும். பிரெஞ்சுப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கும் ஒன்றிரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கு அங்கே இதுதான் கதி. அது மட்டுமில்லை, விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் அந்தத் தேடும் பெட்டியில் வேண்டுமென்றே எதையாவது எழுதினால் மொத்தத் தகவலும் போய்விடும் அபாயமும் இருந்தது.

அதனால் எல்லாவற்றையும் ஓ.ஆர்.எம். முறைக்கு மாற்றச் சொன்னார்கள். குழந்தை, ஊர், ஊசி என்று ஒவ்வொன்றும் எப்படிப்பட்டது, எது எதோடு சேரும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம் "இந்த ஊர்க் குழந்தைகளைக் கொடு" என்று கேட்டால் எஸ்.க்யூ.எல். வாக்கியத்தை அதுவே சரியாக எழுதிக்கொள்ளும். மொத்தம் பதினான்கு ரிப்போர்ட். வேலை என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டார். அவர் எழுதியதில் ஒரு இடத்தில்கூட விளக்கக் குறிப்பு இல்லை.

அவரைக் குறையாகச் சொல்லவில்லை. கையில் அவருடைய போன் நம்பர் இருந்தும் நான் கூப்பிடவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

வேலை தொடங்கிய முதல் வாரத்தில், கம்பெனியை நடத்தும் எங்கள் சாரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். இந்தப் பத்தி எதற்கு, அந்த எண் என்ன, இதை இப்படி மாற்றலாமா. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. ஒரு நாள் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "உனுக்கு ஒரு நாளைக்கு இத்தினி கேள்விதான்னு கோட்டா வெக்கணும்மா" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாளிலிருந்து, கேட்பதற்கு முன்னால் இது தேவைதானா என்று என்னையே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஊசிப் பட்டியல் ஒன்பதாவது ரிப்போர்ட். பழையது கொடுப்பதையும் புதியது கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். முதல் எட்டிலும் எண்ணிக்கை ஒத்துப்போனது. ஒன்பதாவதில் ஒரு ஊரை எடுத்துப் பார்த்தேன். பழையதில் பத்தொன்பது குழந்தைகள், புதியதில் பன்னிரண்டு. இன்னொரு ஊரிலும் ஏழு குறைந்தது. மூன்றாவது ஊரிலும் ஏழு.

பழைய வாக்கியத்தைப் பிரித்துப் படித்ததில் காரணம் தெரிந்தது. "இந்த ஊர்" என்று ஒட்டுகிற இடத்தில் "இந்த ஊர், அல்லது ஊர் எண் பூஜ்யம்" என்று ஒட்டியிருந்தார். ஊர்ப் பட்டியலில் பூஜ்யம் என்று ஒரு ஊரே கிடையாது. அப்படிப் பதிவான ஏழு குழந்தைகளும் எந்த ஊரைக் கேட்டாலும் வந்து நின்றார்கள். ஒரே குழந்தை வில்லியனூரிலும் இருக்கிறது, மண்ணாடிப்பட்டிலும் இருக்கிறது என்றால் அது பிழையல்லாமல் வேறென்ன?

ஓ.ஆர்.எம்.மும் அதையேதான் சொன்னது. ஒரு குழந்தைக்கு ஊர் எண் இருந்தால் அந்த ஊர் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்பது அதன் விதி. பூஜ்யத்தை அது ஏற்கவில்லை. நான் அந்தப் பூஜ்யங்களை அழித்து ஊர் என்ற இடத்தைக் காலியாக்கினேன். "அல்லது பூஜ்யம்" என்ற துண்டைப் புதியதில் எழுதவில்லை.

அன்று மதியம் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் அக்காவுக்கு ஒரு செய்தி எழுதினேன். ஊர் இல்லாமல் ஏழு பதிவுகள் இருக்கின்றன, அவை எதற்காக என்று கேட்டு. அனுப்புவதற்கு முன் கோட்டா ஞாபகம் வந்தது. இதைக்கூடத் தானாகத் தெரிந்துகொள்ள முடியாதா என்று அக்கா சாரிடம் சொல்லிவிட்டால்? செய்தியை அழித்துவிட்டேன். உள்ளே மகள் எழுந்து அழுதாள், போய்விட்டேன். இத்தனை கேள்வி கேட்டவள் கேட்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

அந்த ஏழு குழந்தைகளின் பிறந்த தேதியைப் பார்த்திருந்தால்கூடப் போதும். ஏழு பேருமே ஐந்து மாதத்துக்கு உட்பட்டவர்கள். அதைப் பார்த்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். என் மகளே அப்படி ஒரு குழந்தையாக இருந்தவள்தான். தலைப்பிரசவத்துக்கு நான் பாகூர்ப் பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போய், ஐந்தாம் மாதம்தான் திரும்பி வந்தேன். அங்கே கொடுத்த கார்டில் ஊர் பெயரைப் பென்சிலால் எழுதித் தந்தார்கள். எப்படியும் மாறப்போகிறதே என்று. என் வாழ்க்கையிலேயே நடந்த விஷயம், ஆனால் திரையில் ஒரு பூஜ்யமாக வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

புது ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்து அக்கா போன் செய்து, ஒரே பேர் நாலு லிஸ்டில் வராமல் இப்போது சுத்தமாக இருக்கிறது, கவுன்டர் பெண்களுக்கு வேலை குறைந்திருக்கிறது என்று பாராட்டினார். அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். புதிய திரைகளைக் கவுன்டர் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக ஒரு காலைப் பொழுது மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாமியாரும் மருமகளும் குழந்தையோடு வந்தார்கள். மருமகளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கலாம். மாமியார் கார்டைக் கவுன்டரில் வைத்து ஒரு கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மூன்றரை மாதத்தில் போட வேண்டிய ஊசி, கட்டம் காலியாக இருந்தது. குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. முந்தின நாள்தான் அம்மா வீட்டிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். வந்ததும் மாமியார் கார்டைப் பார்த்திருக்கிறார்.

"அம்மா வூட்ல குந்திகினு இன்னாதான் பண்ணிகினு இருந்த? சோறு துன்னுட்டுத் தூங்கினியா?"

அந்தப் பெண் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "போன் வரும்னு இருந்தேன் அத்தை. மொத ரெண்டு ஊசிக்கும் வந்துச்சு."

"போன் வரலன்னா புள்ளைக்குப் பாலும் குடுக்க மாட்டியா?"

வரிசையில் நின்றிருந்த ஒருவர் சிரித்தார். கவுன்டர் பெண் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். குழந்தையின் பெயர் இருந்தது, ஊர் என்ற இடம் காலியாக இருந்தது. நான் அதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்தக் காலி இடத்தை உண்டாக்கியது நான்தான்.

அவர்கள் ஊசி போட உள்ளே போனதும் நர்ஸ் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பூஜ்யம் எதற்கு என்று, அவ்வளவு தாமதமாக. அவர் சாதாரணமாகச் சொன்னார். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களிடம் ஊர் கேட்டால் இப்போது அம்மா வீடு, மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ புகுந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்பார்கள். அம்மா வீட்டு ஊரைப் போட்டால், அங்கிருந்து போன பிறகு அந்த ஊரில் ஆள் இல்லை என்று போன் விட்டுப்போகும், புகுந்த வீட்டு ஊரைப் போட்டால் இப்போது விட்டுப்போகும். அதனால் அவரும் அந்தப் பழைய புரோகிராமரும் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். பூஜ்யம் போட்டால் எல்லா ஊர்ப் பட்டியலிலும் வரும். மூன்று பெண்களில் யார் முதலில் பார்க்கிறாரோ அவர் போன் செய்துவிட்டு, மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிடுவார். ஒருவர் விட்டாலும் இன்னொருவர் பிடிப்பார்.

நான் பிழை என்று நினைத்தது, விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு.

"நான்தான் அக்கா எடுத்துட்டேன். தப்புப் பதிவுன்னு நெனச்சிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். "லிஸ்ட்ல இப்ப வரலன்னு எங்களுக்கும்தான் தோணல. சுத்தமா இருக்குன்னு நான் வேற உனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன் பாரு" என்றார். பிறகு, "மொதல்ல மத்த புள்ளைங்களப் பாப்போம் வா" என்றார்.

அன்றே ஊர் காலியாக இருந்த குழந்தைகளை எல்லாம் எடுத்தேன். ஏழு பேரோடு புதிதாகச் சேர்ந்தவர்கள் நான்கு பேர். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் செய்தார். பெரும்பாலானவர்கள் கார்டைப் பார்த்துத் தேதிக்கே போட்டிருந்தார்கள், சிலர் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில். இரண்டு குழந்தைகளுக்குச் சில நாள் தாமதம். ஒன்றரை மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது அந்த ஒரு குழந்தைக்கு மட்டும்தான். தாமதமாகப் போட்டாலும் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அதை அவரிடமே இரண்டு முறை கேட்டேன். வீட்டுக்கு வந்து, வேறொரு டாக்டரிடம் விசாரிக்கும்படி கணவரிடமும் சொன்னேன்.

இப்போது அந்த ரிப்போர்ட் வேறு மாதிரி இருக்கிறது. குழந்தைக்கு இரண்டு ஊர்கள் வைத்தேன், தாய் வீட்டு ஊர் ஒன்று, புகுந்த வீட்டு ஊர் ஒன்று. இரண்டு ஊர்ப் பட்டியலிலும் குழந்தை வரும். எந்த ஊரும் எழுதாத குழந்தை எல்லா ஊரிலும் வரும். மேலே நான்கு வரியில் தமிழிலேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு வருகிறவர் படிக்கட்டும் என்று. சாரிடம் நடந்ததைச் சொன்னபோது அவரும் திட்டவில்லை. பெங்களூர்க்காரருக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்குமே என்று மட்டும் கேட்டார். கோட்டா பற்றி அவருக்கு ஞாபகமே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

குடும்பத்தாரிடம் என்ன சொல்வது என்று நான் கேட்டபோது, ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார் அக்கா. "ஊசி போட்டாச்சு, புள்ள நல்லாருக்கு. போன்ல தப்பு நடந்துச்சுன்னு சொன்னா நாளைக்கு எவங்களும் நம்ம போன நம்ப மாட்டாங்க. அப்ப இன்னும் நாலு புள்ளைக்கு விட்டுப்போவும்." அதில் நியாயம் இருந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாதங்கள் போயின. வில்லியனூர் மார்க்கெட் வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை, குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் என்று அவளுக்கு என்னைத் தெரிந்தது. நான் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். ஒன்பதாம் மாத ஊசிக்கு அன்று காலைதான் அழைத்துப் போயிருக்கிறார்கள் என்றாள். யார் என்று கேட்டதற்கு, மாமியாரும் கணவரும் என்றாள். கார்டு இப்போது மாமியாரின் பீரோவில் இருக்கிறதாம். மருந்து கொடுப்பது, டாக்டரிடம் போவது எல்லாம் அவர்தானாம். அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் குழந்தையை விட்டுவிட்டுப் போ என்கிறாராம். இதையெல்லாம் அவள் புகாராகச் சொல்லவில்லை, பஸ் வரவில்லையே என்பதைப் போலச் சொன்னாள்.

"எம் மேலதான் தப்புக்கா. கார்டு கையிலதான் இருந்துச்சு. நான் பாத்திருக்கணும்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக நான் சொன்னது, "வுடும்மா, எல்லார்க்கும் ஆவறதுதான்." சொன்னதும் எனக்கே கேவலமாக இருந்தது. எல்லாருக்குமா ஆனது? என் கையால் ஆனது. அவள் ஏதோ ஆறுதல் கிடைத்தது போல லேசாகச் சிரித்தாள். அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவளும் கார்டைப் பார்த்திருக்க வேண்டும்தான். இதை நான் எனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் முதல் இரண்டு ஊசிக்கும் போன் வந்தது. மூன்றாவதற்கும் வரும் என்று ஒரு தாய் நம்பினால், அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தது நாங்கள். என் மகள் விஷயத்தில் எதையும் மூன்று முறை பார்க்கிற நானே, என் அம்மா வீட்டில் இருந்த நாட்களில் பாதித் தேதிகளை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணவரிடம் கேட்டேன். "ஒண்ணு போய்ச் சொல்லிட்டு வா, இல்லன்னா மறந்துடு. ரெண்டும் இல்லாம என்னைத் தூங்க விடாம பண்ணாத" என்றார். எனக்கு இரண்டும் முடியவில்லை.

அவளிடம் மட்டும் தனியாகச் சொன்னால் அவள் மனசுக்கு ஆறுதல், ஆனால் வீட்டில் எதுவும் மாறாது. அந்தக் கார்டு பீரோவிலேயே இருக்கும். மாமியாரிடம் போய்ச் சொன்னால், மருமகள்தான் என்னைப் பிடித்துப் பேச அனுப்பியிருக்கிறாள் என்று அவர் நினைத்தால்? அந்த வீட்டில் அவளுக்கு இன்னும் மோசமாகும். மருத்துவமனை மூலமாகச் சொல்ல வேண்டும் என்றால், அக்கா சொன்ன பயம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. அவளுடைய போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது அந்த டேட்டாபேஸ் வழியாக. வேலைக்காகப் பார்த்த ஒன்றை வைத்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது சரியா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவள் எந்த நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறாள் என்று தெரியும், அங்கே போய் நின்றால் தற்செயலாகப் பார்த்த மாதிரி இருக்கும். அப்படி நினைக்கும்போதே நான் இன்னொரு பொய்க்குத் தயாராகிறேனோ என்றும் தோன்றுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் மருமகளாக இருந்து செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கியவர்கள் இருப்பீர்கள். மாமியாராக இருந்து, பிறகு உண்மை தெரிந்து மனம் மாறியவர்களும் இருக்கலாம். அந்த உண்மை யார் சொல்லி உங்களிடம் வந்திருந்தால் நம்பியிருப்பீர்கள்? அவளிடம் முதலில் சொல்லி, மாமியாரிடம் சொல்லட்டுமா வேண்டாமா என்று அவளையே கேட்பதுதான் சரி என்று சில நாள் தோன்றுகிறது. அப்படிக் கேட்டால் அந்தப் பாரத்தையும் அவள் தலையிலேயே வைக்கிறேனோ என்று மறுநாள் தோன்றுகிறது. குழந்தைக்கு அடுத்த ஊசி ஒன்றேகால் வயதுக்கு மேல். அதற்கு முன்னால் அவள் கைக்கு அந்தக் கார்டு திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு நான் யாரிடம், எப்படிப் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.